கணவனா, வண்டியா, மண்வெட்டியா, ஈட்டியா?

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இரவு மணி 12. இந்தியாவில் அப்போது அதிகாலை 4.30. வாரக்கணக்கில் ரசிகர்கள் காத்திருந்த ராப் ஆல்பம் கைபேசிகளில் வந்து இறங்குகிறது. முதல் பாட்டு முடிவதற்குள் விவாதம் சூடு பிடித்துவிடுகிறது. இதில் ‘பார்ஸ்’ இருக்கிறதா, வெறும் ‘லாம்பா’தானா? பார்ஸ் என்றால் யோசித்துக் கட்டிய, கனமான வரிகள். லாம்பா என்றால் கேட்டவுடன் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் தெருப்பேச்சு. இரண்டாவது பாட்டில் பீட் மெலிந்து கிடக்கிறது என்கிறார் ஒருவர். நெஞ்சையே இடிக்கிறதே என்கிறார் இன்னொருவர். மூன்றாவது பாட்டில் ராப்பர் என்ன சொன்னார் என்பதிலேயே மூன்று கட்சிகள். விடியும்போது அந்த ஆல்பம் சிலருக்குக் காவியம், சிலருக்குக் காசுக்குப் பிடித்த கேடு.

இத்தனை பேரும் கேட்டது ஒரே ஒலிக்கோப்பு. ஒரு புள்ளிகூட மாறாத எண் வரிசை. பிறகு எப்படி ஆளுக்கோர் ஆல்பம் கேட்டதுபோல் பேசுகிறார்கள்? ரசனை வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நகராமல் நின்று பார்த்தால் உள்ளே இயற்பியல் இருக்கிறது, மொழியியல் இருக்கிறது, மூளை செய்யும் கணக்கு இருக்கிறது. எனக்குத் தெரிந்து உலகில் இவ்வளவு சிக்கலான ஒலிப்புதிரை இவ்வளவு சாதாரணமாகத் தெருவில் வைத்து அவிழ்ப்பவர்கள் அதிகம் இல்லை.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். தாளத்தின் மேல் பேச்சை ஓடவிடும் சொல்லிசைதான் ராப். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் ஒரு பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு ‘பார்’. அதற்கு ஆகும் நேரம் 2.7 வினாடி. வழக்கமாக ஒரு சரணம் 16 பார். ஆக 43 வினாடி. அடுப்பில் வைத்த ஒரு டம்ளர் பால் பொங்குவதற்குக்கூட அந்த நேரம் போதாது. தட்டுக்கு நான்கு அசை என்று கொண்டால், அந்த 43 வினாடிக்குள் 256 அசைகள் ஓடி முடிகின்றன. ஓர் அசைக்குக் கிடைப்பது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு, கண்ணிமைக்கும் நேரம். அதற்குள் ராப்பர் மெய்யொலியைச் சரியாக வைக்க வேண்டும், உயிரொலியை வைக்க வேண்டும், தாளத்தில் விழ வேண்டும். நைஜீரியாவில் இவற்றோடு நான்காவதாக ஒன்றும் சேர்கிறது. அதுதான் தொனி.

தமிழில் ‘வா’ என்பதைக் கீழ்க்குரலில் சொன்னாலும் மேல்குரலில் சொன்னாலும் அது அழைப்புத்தான். கோபமா, கெஞ்சலா என்பது மட்டும் மாறும். தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா மொழியில் கதை வேறு. அது ஒரு தொனிமொழி. அதாவது குரல் ஏறுவதும் இறங்குவதும் சொல்லின் பொருளையே மாற்றிவிடும் மொழி. ‘ஒக்கொ’ என்று ஒரு சொல். இரண்டு அசையையும் நடுக்குரலில் சொன்னால் கணவன். இரண்டாம் அசையில் குரல் இறங்கினால் வண்டி. அதே இடத்தில் குரல் ஏறினால் மண்வெட்டி. இரண்டு அசையுமே தாழ்ந்தால் ஈட்டி. கணவன் வண்டியில் மண்வெட்டியும் ஈட்டியும் ஏற்றி வந்தான் என்று ஒரு யொருபாக்காரர் சொன்னால், நம் காதில் ஒரே சொல் நான்கு முறை விழும். அவர் வீட்டுக் குழந்தைக்கு அதில் குழப்பமே இருக்காது.

யொருபாவில் தொனிகள் மூன்று: உயர்வு, நடு, தாழ்வு. ஈரசைச் சொல் ஒன்றுக்கு ஒன்பது வாய்ப்புகள் கிடைக்க வேண்டும். ஆனால் உயிரொலியில் தொடங்கும் சொல் உயர்தொனியில் தொடங்காது என்று அந்த மொழி தனக்கே ஒரு விதி வைத்திருப்பதால் ஆறுதான் மிஞ்சும். அந்த ஆறு இருக்கைகளில் நான்கை ‘ஒக்கொ’ ஒன்றே பிடித்துக்கொண்டிருக்கிறது. தென்கிழக்கே போனால் இக்போ மொழி. அங்கே அடிப்படைத் தொனிகள் இரண்டே. ஈரசைச் சொல்லுக்கு நான்கே வாய்ப்பு. ‘அக்வா’ என்ற சொல்லில் நான்கும் நிரம்பிவிட்டன: உயர்வு உயர்வு என்றால் அழுகை, உயர்வு தாழ்வு என்றால் துணி, தாழ்வு உயர்வு என்றால் முட்டை, தாழ்வு தாழ்வு என்றால் கட்டில். ஓர் இருக்கைகூடக் காலியில்லை!

உயர்தொனி என்றால் எவ்வளவு உயரம்? இங்கேதான் காதின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. அதற்கு நிலையான எண் கிடையாது. கட்டைக்குரல் தாத்தாவின் உயர்தொனி, கீச்சுக்குரல் பேத்தியின் தாழ்தொனியைவிடக் கீழே இருக்கலாம். இருவரும் பேசிக்கொள்வதில் எந்தத் தடங்கலும் வருவதில்லை. கேட்பவரின் மூளை முதல் சில அசைகளிலேயே பேசுபவரின் குரல்வீச்சை அளந்து, அவருக்கென்று ஓர் அளவுகோலைச் செய்துகொள்கிறது. இக்போவில் இன்னொரு விசித்திரம்: வாக்கியம் நகர நகர அந்த அளவுகோலே கீழே இறங்கும். ஒரு தாழ்தொனிக்குப் பிறகு வரும் உயர்தொனி, தனக்கு முந்தைய உயர்தொனியின் உயரத்தை எட்டாது. ஒரு படி கீழே நிற்கும். மொழியியலாளர்கள் இதை மலைச்சரிவில் வெட்டிய படிவயலோடு ஒப்பிடுவார்கள். நீண்ட வாக்கியத்தின் கடைசியில் வரும் உயர்தொனி, தொடக்கத்தில் வந்த தாழ்தொனியைவிடத் தாழ்ந்துகூடப் போகலாம். கேட்பவர் அதையும் உயர்தொனியாகவே புரிந்துகொள்கிறார். ராப்பர் வினாடிக்கு ஆறு அசை ஓட்டும்போதும் இந்தக் கணக்கு நிற்பதில்லை.

சரி, இந்த மொழிகளில் பாடுவது எப்படி? மெட்டு மேலே போகச் சொல்கிறது, சொல் கீழே இழுக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் இந்தச் சிக்கலில் நன்றாகவே மாட்டிக்கொண்டார்கள். ஆங்கிலத் துதிப்பாடல்களை யொருபாவில் மொழிபெயர்த்து, மெட்டை மட்டும் இங்கிலாந்திலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். எழுத்தில் சரியாக இருந்த சொல், மெட்டில் ஏறியதும் வேறு சொல்லாகக் காதில் விழுந்தது. லாகோஸ் கதீட்ரலில் பல ஆண்டுகள் ஆர்கன் வாசித்த எக்குண்டாயோ ஃபிலிப்ஸ் என்ற இசையமைப்பாளர், சொல்லின் தொனியோடு இணங்கிப் போகும் மெட்டுகளுக்காகவே உழைத்தவர். ‘யொருபா இசை’ பற்றிய அவருடைய நூல் 1953இல் வந்தது.

அமெரிக்காவில் பிறந்த ராப் நைஜீரியாவுக்கு வந்தபோது, தனக்கே தெரியாத ஒரு வசதியைக் கையில் கொண்டுவந்தது. ராப்பில் மெட்டின் அதிகாரம் குறைவு. குரல் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. தாளம் மட்டும் பிடிவாதமாக இருக்கும். குரலின் ஏற்ற இறக்கம் பேச்சுக்கே சொந்தம். தொனிமொழிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் இந்தப் பொருத்தத்தை நாடு ஒப்புக்கொள்ள நீண்ட காலம் ஆனது. நைஜீரியாவின் முதல் ராப் பதிவாகப் பலரும் சொல்லும் ரான் எக்குண்டாயோவின் பாடல் 1981இல் ஆங்கிலத்தில் வந்தது. தொண்ணூறுகளில் ஜூனியர் அண்ட் பிரிட்டி இணை, ஆங்கிலம் கலந்த பொதுப்பேச்சான பிட்ஜினில் சிரிக்கச் சிரிக்க ராப் செய்தது. என்றாலும் ‘நல்ல ராப் என்றால் ஆங்கிலம்’ என்ற எண்ணம் விடாமல் தொற்றிக்கொண்டிருந்தது.

அதை உடைத்ததில் பெரும்பங்கு யொருபா ராப்பர் டாக்ரினுக்கு உண்டு என்பேன். 2009இல் அவருடைய ‘சி.இ.ஓ.’ ஆல்பம் வந்தது. நிறுவனத் தலைமை அதிகாரியைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்தில் கடைசி எழுத்துக்கு அவர் வைத்த விரிவு, ‘ஒமொட்டா’. யொருபாவில் தெருப்பிள்ளை என்று பொருள். தெருவின் பிள்ளைக்கு நிறுவனத் தலைவர் பதவி! அதற்கு முன்னும் யொருபாவில் ராப் செய்தவர்கள் இருந்தார்கள். இக்போவிலும் இருந்தார்கள். ஆனால் டாக்ரினுக்குப் பிறகுதான் தாய்மொழி ராப்பை ஓரமாக வைக்க முடியாமல் போனது. ‘லோக்கல் ராப்பர்’ என்ற சொல் அதுவரை கொஞ்சம் இளக்காரமாகவே ஒலித்தது. 2015இல் ரெமினிஸ், ஒலாமிடே, ஃபீனோ மூவரும் சேர்ந்து அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு போட்டார்கள். மறுபக்கம் மோட் நைன், எம்.ஐ. அபாகா போல ஆங்கிலத்தில் வரிகளைச் செதுக்கியவர்களின் ரசிகர் படையும் சாதாரணமானதில்லை. 2006இல் தொடங்கிய ஹெடீஸ் என்ற நைஜீரிய இசை விருதில் ராப் வரிகளுக்கென்றே ஒரு தனிப் பரிசு இருக்கிறது. மோட் நைன் அதைப் பலமுறை வென்றிருக்கிறார். நாட்டின் ராப்பர்களெல்லாம் தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று 2017இல் எம்.ஐ. ஒரு பாட்டிலேயே கடிந்துகொண்டபோது, நைஜீரிய ராப் நலமாக இருக்கிறதா நோயில் கிடக்கிறதா என்ற விவாதம் மறுபடி பற்றிக்கொண்டது.

‘ஒமொட்டா’வில் இன்னோர் அற்புதம் ஒளிந்திருக்கிறது. அது உண்மையில் இரண்டு சொல்: ‘ஒமொ’ என்றால் பிள்ளை, ‘இட்டா’ என்றால் வெளி. இரண்டையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லும்போது நடுவிலிருக்கும் ‘இ’ விழுந்துவிடுகிறது. அந்த ‘இ’ தாழ்தொனி கொண்டது. ஒலி போய்விட்டால் தொனியும் அதோடு போக வேண்டுமல்லவா? யொருபாவில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. உயிரொலி மறைந்தாலும் அதன் தொனி தங்கிவிடும். பக்கத்திலிருக்கும் ஒலியின் தோளில் ஏறிக்கொள்ளும். அரசன் போன பிறகும் கிரீடம் கீழே விழாமல் அடுத்தவர் தலையில் அமர்வதுபோல. உயிர் போனாலும் தொனி போகாது! இப்படிப்பட்ட மொழிகளைப் பார்த்துத்தான், தொனி என்பது ஒலிகளோடு ஒட்டிப்பிறந்த குணமாக இல்லாமல் தனித் தண்டவாளத்தில் ஓடும் ரயிலாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. 1976இல் ஜான் கோல்ட்ஸ்மித் என்ற அமெரிக்க மொழியியலாளர் அதை முழுக் கோட்பாடாகவே வளர்த்தார். அவர் அலசிய மொழிகளில் இக்போவும் ஒன்று.

ராப்பருக்கு இது புதையல். சொற்களை நசுக்கி, உயிரொலிகளை விழுங்கி, நான்கு அசை இடத்தில் ஐந்து அசைக்குரிய பொருளை அடைக்கலாம். தொனி மிஞ்சியிருக்கும் வரை காது விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ளும். எதிர்த்திசையிலும் விளையாடலாம். யொருபாவில் மெய்யொலிகள் அடுக்கி வராது, சொல் மெய்யில் முடியவும் முடியாது. அதனால் ஆங்கிலத்தில் ஒரே அசையாக இருக்கும் ‘பிரெட்’ யொருபாவுக்குள் வந்தால் ‘பூரெடி’ என்று மூன்று அசையாக விரியும். உயர்வு, உயர்வு, தாழ்வு என்று தொனியும் பெற்றுவிடும். தாளத்தில் இடம் மீதமிருந்தால் விரிந்த ரொட்டி, இடம் நெருக்கினால் சுருங்கிய ரொட்டி. பை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சாமானை மடித்துத் திணித்துவிடும் கைத்திறன் இது.

சொற்களெல்லாம் உயிரொலியில் முடியும் மொழியில் இயைபு, அதாவது வரிகளின் கடைசி ஒலி ஒன்றுவது, மிக எளிது. எளிதாகக் கிடைப்பதற்கு மதிப்புக் குறைவு. அதனால்தான் யொருபா காது இன்னொன்றையும் தேடுகிறது. அவர்களுடைய வாய்மொழிப் பாக்களிலும் பழமொழிகளிலும் தொனியை எதிரெதிராக வைக்கும் பழைய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு வரியை மேலே முடித்து, அடுத்ததைக் கீழே முடித்து, கேள்வியும் பதிலும்போல நிறுத்துவார்கள். புகழ்ப்பாக்களான ‘ஒரிக்கி’யைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ராப்பில் அந்த நுட்பம் தட்டுப்படும்போது உடல் சிலிர்க்கும். பக்கத்தில் ஆங்கிலம் மட்டும் அறிந்த நண்பர், “இதில் என்ன இருக்கிறது, எல்லா வரியும் ‘ஒ’வில் முடிகிறதே” என்பார். இருவர் காதிலும் பழுதில்லை.

இனி ஒரு முரசின் கதை. அதைச் சொல்லாமல் இந்த விவாதங்களைப் புரிந்துகொள்ள முடியாது. யொருபாக்களின் பேசும் முரசு உடுக்கை வடிவம் கொண்டது. இரண்டு தோல் முகங்களையும் நீண்ட தோல்வார்கள் இணைக்கும். முரசை அக்குளில் இடுக்கி வார்களை அழுத்தினால் தோல் இறுகி ஒலி ஏறும், விட்டால் இறங்கும். மூன்று தொனிகளையும் அப்படியே வாசித்துக்காட்டலாம். பழமொழி சொல்லலாம், பெயர் சொல்லி அழைக்கலாம், புகழலாம், வையவும் செய்யலாம். ஆனால் முரசால் தொனியைத்தான் சொல்ல முடியும். மெய்யும் உயிரும் அதற்கு வராது. ‘கணவன்’ என்ற நடு நடு தொனி, அதே தொனி கொண்ட எத்தனையோ சொற்களுக்குப் பொருந்தும். முழுப் பழமொழியாக வாசிக்கும்போதுதான் மயக்கம் தெளியும்.

இந்த மயக்கத்தால் விளைந்த ஒரு பிரபலமான வேடிக்கை உண்டு. நைஜீரிய வானொலி தன் அடையாள இசையாகப் பேசும் முரசைப் பயன்படுத்தியது. இது நைஜீரிய ஒலிபரப்பு நிலையம் என்று ஆங்கிலத்தில் சொல்லும் ஓசையை அது வாசித்தது. யொருபா மக்களோ அதற்குள் தங்கள் மொழியைக் கேட்டார்கள். இபாதான் நகர மன்னரான ஒலுபாடன் காலமானால் அடுத்துப் பட்டம் யாருக்கு என்று முரசு கேட்பதாக ஊரே சொல்லிச் சிரித்தது. வேறு சிலர் அதே ஓசைக்குள் வேறு வாக்கியம் கண்டுபிடித்தார்கள். ஒரு குறுகிய ஓசைக்குப் பல உரைகள். ஒவ்வொருவரும் தன் உரையே சரி என்றார்கள். இன்றைய நள்ளிரவு விவாதத்துக்கு இது கொள்ளுத்தாத்தா முறை.

இப்போது கைபேசிக்கு வாருங்கள். ரசிகர் ஒருவர் பாட்டின் வரிகளைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். முறைப்படி யொருபா எழுதினால் தொனிக்குரிய சாய்கோடுகள் எழுத்தின் தலையில் இருக்க வேண்டும், சில உயிரொலிகளின் காலில் புள்ளி இருக்க வேண்டும். அவசரத்தில் யாரும் அவற்றைப் போடுவதில்லை. அங்கே ‘ஒக்கொ’ என்று மட்டும் நிற்கும். கணவனா, வண்டியா, மண்வெட்டியா, ஈட்டியா? முரசிடம் தொனி உண்டு, எழுத்தில்லை. தட்டச்சு வரியிடம் எழுத்து உண்டு, தொனியில்லை. இரண்டும் பாதிப்பாதி. முழுச்சொல் ராப்பரின் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் சண்டை முற்றியதும் எல்லாரும் மறுபடி பாட்டுக்கே ஓடுகிறார்கள், அந்த ஆறில் ஒரு வினாடியைப் பத்து முறை திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள். மொழி ஆய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது.

மொழி ஒன்றாக இருந்தாலே இப்படி. நைஜீரியாவில் 500க்கும் மேற்பட்ட மொழிகள். எல்லாரையும் இணைக்கும் பாலம் பிட்ஜின். ஆங்கிலச் சொற்களை உள்ளூர் மொழிகளின் எலும்பில் பூட்டிய பேச்சு. அதன் சொற்களைக் குலுக்கினால் வரலாறு உதிரும். தெரியும் என்பதற்கு ‘சாபி’, குழந்தைக்கு ‘பிக்கின்’: இரண்டும் சில நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த போர்த்துகீசியர் விட்டுப்போனவை. தொல்லைக்கு ‘வஹாலா’: வடக்கின் ஹவுசா கொடுத்தது. ‘நீங்கள்’ என்பதற்கு ‘உனா’: இக்போவிலிருந்து. முதலாளிக்கு ‘ஓகா’: யொருபா. இசைக்கே இளைஞர்கள் சொல்லும் ‘பெடு’, ஒரு காலத்தில் யொருபா அரசவையின் பெருமுரசுக்குப் பெயர். ஒரே வரியில் ராப்பர் இவற்றில் மூன்று, நான்கு மொழிகளைத் தொட்டுப் போவார். இதை மொழித்தாவல் எனலாம். ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவி மூன்றாவதில் இறங்குவது. மூளை ஒவ்வொரு தாவலிலும் சொல்லகராதியை மாற்றுகிறது, தொனி விதிகளையும் மாற்றுகிறது.

இதன் உச்சம் என்று நான் நினைப்பது 2015இல் வந்த ‘டூ கிங்ஸ்’. லாகோஸின் பரிகா பகுதியில் வளர்ந்த, யொருபாவில் ராப் செய்யும் ஒலாமிடேயும், இக்போவில் ராப் செய்யும் ஃபீனோவும் சேர்ந்து போட்ட ஆல்பம். மூன்று தொனி மொழியும் இரண்டு தொனி மொழியும் ஒரே பீட்டில் மாறி மாறி வருகின்றன. ஒருவர் பகுதி முடிந்து மற்றவர் தொடங்கும் நொடியில் கேட்பவரின் அளவுகோலே மாற வேண்டும். இரண்டு மொழியையும் வீட்டுமொழிபோல் அறிந்தவர்கள் குறைவு; பெரும்பாலோருக்கு ஆல்பத்தின் ஒரு பாதி நேரடியாகப் பேசியது, மறுபாதி தாளமாகவும் மிடுக்காகவும் வந்து சேர்ந்தது. லாகோஸ்காரர், இக்போ நகரமான எனுகுவைச் சேர்ந்தவரிடம் “ஃபீனோ அங்கே என்ன சொன்னார்” என்று கேட்கிறார். பதிலுக்கு லாகோஸ்காரர் ஒலாமிடேயின் தெருச்சொல்லுக்கு உரை சொல்கிறார். விமர்சனம் என்று நாம் நினைப்பதில் பாதி, இந்தப் பண்டமாற்றுத்தான்.

பீட் மெலிந்ததா, நெஞ்சை இடிக்கிறதா என்ற சண்டைக்கு வருவோம். அதில் இருவரும் சரி. ராப்பின் அடிநாதம் சுமார் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 முறை அதிரும் ஒலி. காரில் பொருத்திய பெரிய ஒலிபெருக்கி அதை நன்றாகத் தள்ளும். கைபேசிக்குள் இருப்பதோ நகத்தின் அளவு ஒலிபெருக்கி. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு மூச்சு வாங்கும். 50ஐ அது தருவதே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் கைபேசியில் கேட்பவருக்கு அடிநாதம் ஓரளவு கேட்கிறது! எங்கிருந்து? ஒரு நாதம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 100, 150, 200, 250 என்று தன் மடங்குகளையும் கூட அழைத்துவரும். அடியில் உள்ளது காணாமல் போனாலும், மேலே உள்ளவற்றுக்கு நடுவே 50, 50 ஆக இடைவெளி இருப்பதை மூளை கவனித்து, இல்லாத 50ஐத் தானே உருவாக்கிக் கேட்கவைக்கிறது. இதற்கு விடுபட்ட அடிநாதம் என்று பெயர். தந்தை வீட்டில் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் உயரத்தை வைத்து அவர் உயரத்தைச் சொல்லிவிடுவதுபோல. விவரம் அறிந்த இசைத் தயாரிப்பாளர்கள் அடிநாதத்தில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்ப்பது இதற்காகவே. அது மடங்கு ஒலிகளைப் பெருக்கி, சின்ன ஒலிபெருக்கியிலும் மூளைக்குத் தடயம் கிடைக்கச் செய்கிறது.

இதே வித்தைதான் தொனியையும் காப்பாற்றுகிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆணின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 100 முதல் 150க்குள் அதிர்கிறது. அதாவது கம்பியில் அது போகவே இல்லை. அப்படியிருந்தும் யொருபாக்கள் தொலைபேசியில் கணவனையும் வண்டியையும் குழப்பிக்கொள்ளவில்லை. போகாத குரலின் ஏற்ற இறக்கத்தை மறுமுனையிலிருந்த மூளை மீட்டெடுத்தது.

தொனியைக் குலைக்கக்கூடிய கருவியும் ஒன்று உண்டு. குரலைச் சுரத்தில் நிறுத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் 1997இல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டிப்ராண்ட், அதற்கு முன் பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி எண்ணெய் இருக்கும் இடத்தைக் கணிக்கும் துறையில் வேலை பார்த்தவர். மண்ணுக்குள் எண்ணெய் தேடிய கணிதத்தை அவர் தொண்டைக்குள் சுரம் தேடத் திருப்பினார். ஆங்கிலப் பாட்டில் இந்தக் கருவி நிறம் கூட்டும், அவ்வளவுதான். தொனிமொழியில் கொஞ்சம் கவனம் வேண்டும்: அருகருகே நிற்கும் நடுத்தொனியும் தாழ்தொனியும் ஒரே சுரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் வண்டி கணவனாகிவிடும். கொக்கிவரியில், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவியில், அதைத் தாராளமாகவும் சரணத்தில் அளவாகவும் பயன்படுத்துபவர்களையே எனக்குப் பிடிக்கிறது.

கடைசியாக, மனம் மாறுவது. முதல் இரவில் ஆல்பத்தைத் திட்டியவர் மூன்றாம் வாரம் அதையே முணுமுணுத்துக்கொண்டு நடப்பார். “பொறு, போகப் போக அது உனக்குப் பிடித்துவிடும்” என்று நைஜீரிய ரசிகர்கள் பிட்ஜினில் சொல்வது வழக்கம். 1968இல் உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ், பொருளற்ற சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை 25 முறை. அதிகம் கண்டதையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். பழகியது பிடித்துப்போகும் இந்த இயல்பைப் பழக்க ஈர்ப்பு எனலாம். ராப்பில் இன்னொரு காரணமும் சேர்கிறது: முதல் முறை 256 அசைகளில் பாதி கைநழுவிப் போகும். ஐந்தாவது முறைதான் மறைந்த உயிரொலி, எதிர்த்தொனி, இரண்டாம் பொருள் எல்லாம் பிடிபடும். அப்போது அவர் கேட்பது பழைய ஆல்பமே இல்லை.

திரும்பக் கேட்பதில் இன்னொரு மாயமும் உண்டு. சாதாரணமாகப் பேசிய ஒரு சொற்றொடரை அச்சுப் பிசகாமல் பலமுறை ஒலிக்கவிட்டால், கேட்பவருக்கு அது பாட்டாக மாறிவிடும். ஒலியில் எந்த மாற்றமும் இருக்காது. டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் கண்டறிந்த மயக்கம் இது. தொனிமொழி பேசுபவர்களிடம் இந்த மயக்கம் குறைவாகவே வேலை செய்கிறது என்று பிறகு 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. குரலின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் காது எளிதில் இசைக்கு விட்டுக்கொடுப்பதில்லை போலும். அது சொல்லின் சொத்து.

டாக்ரினின் ‘சி.இ.ஓ.’வை இந்த வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு சொல்லும் புரியாது, பரவாயில்லை. முதல் முறை கைபேசியில், அடுத்த முறை நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அந்த ஆல்பம் வந்த மறு ஆண்டு, 2010 ஏப்ரலில், சாலை விபத்தில் காயமடைந்த டாக்ரின் இருபதுகளின் நடுவிலேயே இறந்துபோனார். அதே ஆண்டு சிறந்த ராப் ஆல்பம் விருது ‘சி.இ.ஓ.’வுக்குக் கிடைத்தது. முதல் 43 வினாடியில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஐந்து முறையாவது கேளுங்கள்.